ஆலை போன இடத்தில் ஒரு ஊர்: எப்பு வேல் வ்லாக்

வணக்கம் மக்களே! கார்டிஃபில் ரயில் ஏறி, ஒரு மணி நேரத்தில் எப்பு வேல் வந்து இறங்கிவிட்டேன். நல்ல மழை, குடையை வேறு ரயிலிலேயே விட்டுவிட்டேன், அதனால் கேமரா கொஞ்சம் ஆடினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இது வேல்ஸில் பிளைனை குவென்ட் என்கிற உள்ளாட்சி மாவட்டம். எழுத்தைப் பார்த்து நான் பிளேனாவ் என்று சொல்லப்போய், பக்கத்து சீட் பாட்டி சிரித்துக்கொண்டே திருத்தினார். எப்பு வேல், ட்ரெடீகர், அபர்டிலரி என்று நிலக்கரியும் இரும்புமாக வாழ்ந்த ஊர்களை 1974-இல் ஒன்றாகச் சேர்த்தார்கள், 1996-இல் இருந்து தனி கவுன்சில். மொத்தமே 109 சதுர கி.மீ. தான்.

இப்போது நான் நிற்கிறேனே, இந்த ஸ்டேஷன், இதுவே பழைய இரும்பாலைக்குள்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் ஐரோப்பாவிலேயே பெரிய ஆலைகளில் ஒன்று. 1970-களில் உருக்குவதை நிறுத்தி, தகர வேலை மட்டும் ஓடி, 2002-இல் அதுவும் மூடியாயிற்று. அப்புறம் அந்த இடத்தில் என்னவெல்லாம் வந்தது என்று பாருங்கள்: 2010-இல் ஆஸ்பத்திரி, 2012-இல் கல்லூரி, 2015-இல் இந்த ஸ்டேஷன், இங்கிருந்து மேலே கடைத்தெருவுக்கு ஏற்றிவிடுவதற்கென்று போட்ட கேபிள் வண்டி. அதோ கடிகாரத்தோடு தெரிகிற செங்கல் கட்டடம் ஆலையின் தலைமை அலுவலகம், இன்றைக்கு கவுன்சில் இருப்பதே அதில்தான். ஆலை போனாலும் முகவரி போகவில்லை! தெருப் பெயர்கூட ஸ்டீல்வொர்க்ஸ் ரோடு.

அந்த ஆஸ்பத்திரிக்கு அனைரின் பெவன் பெயர். ட்ரெடீகரில் பிறந்து, பதின்ம வயதிலேயே சுரங்கத்தில் இறங்கி, பிறகு இந்தத் தொகுதியின் எம்.பி. ஆனவர். ட்ரெடீகரில் தொழிலாளிகள் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு டாக்டர் வைத்துக்கொண்ட சங்கம் ஒன்று இருந்தது, அதைப் பார்த்து வளர்ந்த மனுஷன் மந்திரியாகி 1948-இல் நாட்டுக்கே இலவச மருத்துவம் கொண்டுவந்தார். பிரிட்டனில் இருக்கிற நம்மில் யாராவது காசு கொடுக்காமல் டாக்டரைப் பார்த்திருந்தால், அதற்கு விதை இந்தப் பள்ளத்தாக்கில்தான்.

சரி, இவ்வளவு கட்டியும் ஆட்கள் நின்றார்களா? மாவட்டம் முழுக்க 2011-இல் 69,800 பேர், 2021-இல் 66,900. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், கட்டடம் வந்த வேகத்தில் சம்பளம் வரவில்லை. ரோட்டுக்கும் கல்லூரிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம் வந்த மாவட்டம் இது, 2016-இல் அந்த ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறலாம் என்று வேல்ஸிலேயே அதிகமாக, 62 சதவீதம், ஓட்டுப் போட்டதும் இதே மாவட்டம்தான். நன்றி கெட்டவர்கள் என்று வெளியே இருந்து திட்டுவது சுலபம், அப்பன் பாட்டன் வேலை பார்த்த இடத்தில் பேரன் வேலை தேடி வெளியூர் பஸ் ஏறுகிறான் என்றால் அவனிடம் பலகையில் இருக்கிற ஐரோப்பிய ஒன்றியக் கொடியைக் காட்டி என்ன பயன்?

மழை விட்ட மாதிரி இருக்கிறது. அடுத்து இதே மாவட்டத்தில் இருக்கிற சிக்ஸ் பெல்ஸ் என்கிற ஊருக்குப் போகிறேன். 1960 ஜூன் 28 சுரங்க வெடிப்பில் செத்துப்போன 45 பேருக்கு அங்கே 20 மீட்டர் உயரத்தில் ஒரு சுரங்கத் தொழிலாளி சிலை நிற்கிறது, கீழே எல்லார் பெயரும் இருக்கிறதாம். அங்கே நான் பேசப்போவதில்லை, கேமராவை மட்டும் ஓடவிடுகிறேன்.