ஜான் எப்படி அருளப்பன் ஆனார்?

நேயர்களுக்கு வணக்கம். என் தாத்தாவுக்கு மூன்று பெயர். ஊரில் அருளப்பன். கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில், லத்தீனில், யோவான்னெஸ். வேலை பார்த்த இடத்தில் ஜான். ஓய்வூதியம் வாங்கும் வயதில், மூவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நடையாய் நடந்தார். அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன். இந்த மூன்றுக்கும் மூலமான எபிரேயப் பெயரைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

யோஹனான். இதில் வரும் 'ஹ' நம் 'ஹ' இல்லை. தொண்டையின் அடியிலிருந்து, லேசாகக் காறுவதுபோல் வர வேண்டும். முன்னால் நிற்கும் 'யோ', எபிரேயர்களின் கடவுள் பெயரான யாவே என்பதன் சுருக்கம். 'ஹனான்' ஒரு வினைச்சொல். இரங்கினார், அருள்செய்தார் என்று பொருள். சேர்த்தால் 'யாவே அருள்செய்தார்'. எழுவாயும் பயனிலையும் உள்ள முழு வாக்கியம். நமக்கும் இது அவ்வளவு புதிதில்லை. நான்காவதும் பெண்ணாகப் பிறந்தால் 'போதும்பொண்ணு' என்று வைத்தார்களே, அதுவும் வாக்கியந்தான். அது கடவுளிடம் சொன்ன முறையீடு, இது நன்றி.

அந்த வினைச்சொல்லுக்குச் சொந்தபந்தம் நிறைய. விவிலியத்தில் வரும் இறைவாக்கினர் சாமுவேலின் தாய் அன்னாள் இதே வேரில் பிறந்தவள். நம் ஊர் அன்னம்மாளும் அந்த வழியில் வந்தவள்தான். சோற்றுக்கும் பறவைக்கும் அந்தப் பெயரோடு சம்பந்தமில்லை. யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்த கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலும் உறவுதான். அவன் பேசிய மொழி எபிரேயத்துக்குத் தங்கை முறை. அருள்செய்த தெய்வம் மட்டும் வேறு, பாகால்.

லூக்கா நற்செய்தியில் இந்தப் பெயரை வைத்து ஒரு குடும்பத் தகராறே நடக்கிறது. வயதான செக்கரியாவுக்கும் எலிசபெத்துக்கும் ஆண்பிள்ளை பிறக்கிறது. எட்டாம் நாள் உறவினர்கள் கூடி, அப்பா பெயரையே வைக்கலாம் என்கிறார்கள். தாய், "கூடாது, யோவான்" என்கிறாள். உங்கள் சாதிசனத்தில் அப்படி யாருமே இல்லையே என்று அவர்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். வானதூதர் சொன்னதை நம்பாததால் தகப்பனுக்குப் பேச்சு நின்றுபோயிருக்கிறது. ஒரு பலகையைக் கேட்டு வாங்கி, 'இவன் பெயர் யோவான்' என்று எழுதுகிறார். செக்கரியா என்றால் 'யாவே நினைவுகூர்ந்தார்'. இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். யாவே நினைவுகூர்ந்தார், யாவே அருள்செய்தார். கதை முழுக்க அதிலேயே இருக்கிறது.

இந்தப் பெயர் எல்லோருக்கும் அப்படிப் பலித்துவிடவில்லை. 1968இல் எருசலேமின் வடக்கே பழைய கல்லறைக் குகைகளில் சுண்ணாம்புக்கல் பெட்டி ஒன்று கிடைத்தது. எலும்புகளைச் சேர்த்துவைக்கும் பெட்டி, இயேசு வாழ்ந்த நூற்றாண்டைச் சேர்ந்தது. மேலே கீறியிருந்த பெயர் யெஹோஹனான்; யோஹனானின் நீட்டமான வடிவம். உள்ளே ஒரு குதிகால் எலும்பு. அதில் ஏறக்குறைய பதினொன்றரை சென்டிமீட்டர் நீள இரும்பு ஆணி இறங்கியிருந்தது. சிலுவையில் அறையப்பட்ட மனிதன். ஆணியின் முனை வளைந்திருந்தது. அதனால் பிடுங்க முடியாமல் அப்படியே எலும்போடு விட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். 'யாவே அருள்செய்தார்' என்று அந்தப் பெட்டியில் கீறிய கை என்ன நினைத்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

சரி, பெயர் பிறகு கடல் கடந்தது. கிரேக்கத்தில் அந்தத் தொண்டை ஒலிக்கு எழுத்தில்லை. அது உதிர்ந்து யோவான்னெஸ் ஆயிற்று. அதிலிருந்து ரஷ்யாவில் இவான், ஸ்பெயினில் ஹுவான், அயர்லாந்தில் ஷான், ஜெர்மனியில் ஹான்ஸ். பக்கத்துக் கேரளத்தில் உலகன்னான்கூட இவர்தான். போன இடமெல்லாம் சத்தம் போனது, பொருள் போகவில்லை. மகனை இவான் என்று கூப்பிடும் ரஷ்யத் தாய்க்கு அதில் வாக்கியம் ஏதும் கேட்காது.

தமிழில் யோவான் என்ற சத்தமும் வந்தது, பொருளும் வந்தது. கத்தோலிக்கர்கள் அவரை அருளப்பர் என்றார்கள். 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட போர்த்துகீசியப் பாதிரியார் ஜான் டி பிரிட்டோ நமக்கு அருளானந்தர். தேம்பாவணியில் வீரமாமுனிவர் இன்னும் ஒரு படி போய், செக்கரியாவின் மகனான அந்தத் திருமுழுக்கு யோவானுக்குக் கருணையன் என்று பெயர் சூட்டினார். யோசேப்பு அவருக்கு வளன். எபிரேயத்தில் யோசேப்பு என்றால் 'பெருகச்செய்வாராக'. இதை வெறும் தமிழ்ப்பற்று என்று நான் சொல்லமாட்டேன். மூலச்சொல்லைப் பிரித்துப் பார்த்தவர் செய்கிற வேலை இது. எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். வினை போய்விட்டது. அருள்செய்தார் என்ற வாக்கியம், அருளுடையவன் என்ற பெயராகச் சுருங்கிவிட்டது.

தாத்தாவுக்கு வருகிறேன். கடைசியில் முத்திரைத்தாளில், 'யோவான்னெஸ் என்கிற ஜான் என்கிற அருளப்பன்' என்று எழுதிக்கொண்டு போனார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டாராம், "ஜான் எப்படிய்யா அருளப்பன் ஆகும்?"

தாத்தாவுக்கு எபிரேயம் தெரியாது. "சாமியார் அப்படித்தான் கூப்பிடுவார் சார்" என்றாராம்.