கணினியில் நெட்வொர்க் இணைப்பு அடிக்கடி அறுந்து தானே திரும்புவது ஏன்? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். நேயர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன். "அலுவலகத்தில் நான் பயன்படுத்தும் வொர்க்ஸ்டேஷன் கேபிள் வழியாக சுவிட்சுடன் இணைக்கப்பட்டுள்ளது. ஒரு நாளில் நான்கைந்து முறை நெட்வொர்க் அறுந்துபோகிறது. ஏறத்தாழ அரை நிமிடத்தில், யாரும் எதுவும் செய்யாமலேயே, திரும்பி வந்துவிடுகிறது. பக்கத்து மேசைகளில் இந்தச் சிக்கல் இல்லை. டிரைவரை நீக்கி மறுபடி நிறுவினேன், விண்டோஸையும் புதுப்பித்தேன், பலன் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?"

கேள்வியிலேயே இரண்டு நல்ல தடயங்கள் இருக்கின்றன. பக்கத்து மேசைகளில் சிக்கல் இல்லை என்பதால் ரூட்டர், வெளி இணைப்பு, இணையதளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர் போன்ற பொதுவான பகுதிகள் பெரும்பாலும் சந்தேகத்திலிருந்து விலகிவிடுகின்றன. மற்றொன்று அந்த அரை நிமிடம். அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், டிரைவரையும் விண்டோஸையும் மாற்றிப் பார்த்தது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவ்வப்போது மட்டும் தலைகாட்டும் பழுதில், அளவிடத் தொடங்குவதற்கு முன் எதையாவது மாற்றினால், மறுநாள் அமைதியாகக் கழிந்தாலும் அது மாற்றத்தின் பலனா தற்செயலா என்று சொல்ல வழியே இருக்காது. ஆகவே அடுத்த முறை இணைப்பு அறும்போது, அது எந்த நேரத்தில், எந்த இடத்தில் அறுந்தது என்பதைப் பதிவு செய்யும் ஏற்பாட்டை முதலில் செய்துகொள்ளுங்கள்.

அதற்கு, ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி விடை வருகிறதா என்று பார்க்கும் பிங் (ping) கட்டளையே போதும். கமாண்ட் பிராம்ப்டில் இரண்டு சாளரங்களைத் திறந்து, ஒன்றில் உங்கள் கேட்வே (உங்கள் நெட்வொர்க்கிலிருந்து வெளியே போகும் வாசலாக இருக்கும் சாதனம்) முகவரிக்கும், மற்றொன்றில் 8.8.8.8 போன்ற வெளி முகவரிக்கும், நிறுத்தும்வரை ஓடும் 'டி' (-t) தெரிவுடன் பிங் கொடுத்து விடுங்கள். கேட்வே முகவரி தெரியாவிட்டால் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளை காட்டும். ஒவ்வொரு விடையும் எத்தனை மணிக்கு வந்தது என்பதை விண்டோஸில் உள்ள பிங் காட்டாது என்பது ஒரு குறை. பவர்ஷெல் தெரிந்தவர்கள் ஒவ்வொரு விடையோடும் நேரத்தைச் சேர்த்து ஒரு கோப்பில் எழுதும்படி செய்துகொள்ளலாம். மூன்றாவது சாளரத்தில் ஒரு இணையதளத்தின் பெயருக்கு பிங் கொடுத்தால் டிஎன்எஸ்ஸும் சோதிக்கப்படும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல, பெயருக்கான முகவரியை பிங் தொடக்கத்தில் ஒரே ஒரு முறைதான் தேடும், அதன் பிறகு எண்ணையே பயன்படுத்தும். டிஎன்எஸ்ஸைச் சோதிக்க என்எஸ்லுக்கப் (nslookup) கட்டளையைத்தான் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இணைப்பு அறும்போது திரையில் வரும் சொற்களைக் கவனித்துப் படியுங்கள், ஏனென்றால் அவை எல்லாம் ஒரே பொருளைத் தருவன அல்ல. 'ஜெனரல் ஃபெயிலியர்' என்று வந்தால், செய்தி உங்கள் கணினியை விட்டே கிளம்பவில்லை; நெட்வொர்க் கார்டு இறங்கிவிட்டது அல்லது அதற்குச் சரியான ஐபி முகவரி இல்லை என்று கொள்ளலாம். உங்கள் சொந்த முகவரியிலிருந்தே 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று விடை வந்தால், கார்டு இயங்குகிறது, ஆனால் கேட்வே எங்கே என்று உங்கள் கணினி கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்றால் செய்தி போயிற்று, திரும்பி எதுவும் வரவில்லை என்பது மட்டுமே தெரியும். கேட்வேக்கு பிங் தொடர்ந்து ஓட, வெளி முகவரிக்கு மட்டும் நின்றால், பழுது உங்கள் மேசையில் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

இனி அந்த அரை நிமிடத்திற்கு வருவோம். பல கணினிகளின் கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டிகளான சுவிட்சுகளில் ஸ்பானிங் ட்ரீ என்றொரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. கேபிள்கள் தவறுதலாக வளையமாக இணைந்துவிட்டால் ஒரே தரவு முடிவின்றிச் சுற்றி நெட்வொர்க் முழுவதையும் முடக்கிவிடும் என்பதால், ஒரு போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) லிங்க், அதாவது கேபிளின் இரு முனைகளுக்கும் இடையிலான தொடர்பு, புதிதாக எழும்போதெல்லாம் சுவிட்ச் அதை உடனே திறந்துவிடுவதில்லை. இயல்பான அமைப்பில் 15 விநாடிகள் கேட்கும் நிலையிலும் மேலும் 15 விநாடிகள் கற்கும் நிலையிலும் வைத்திருந்து, அதன் பிறகே தரவைக் கடத்த விடுகிறது. ஆக, கேபிளில் லிங்க் ஒரே ஒரு விநாடி இறங்கி ஏறினாலும், பயனாளருக்கு அது அரை நிமிட இருட்டாகத் தெரியும். நீங்கள் சொல்லும் கால அளவு இதனோடு மிக நெருக்கமாகப் பொருந்துவதால், உங்கள் சிக்கல் சிறு லிங்க் துண்டிப்புதான் என்று முதலில் சந்தேகிக்கிறேன். கணினிகள் இணையும் போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் என்ற அமைப்பை இயக்கினால் இந்தக் காத்திருப்பு நீங்கிவிடும். அதை இயக்குவது நல்லதே. ஆனால் லிங்க் இறங்குவதை அது நிறுத்தாது, கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும், அவ்வளவுதான்.

லிங்க் உண்மையிலேயே இறங்குகிறதா என்பதை விண்டோஸின் ஈவண்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்து, பிங் நின்ற அதே நேரத்தில் நெட்வொர்க் கார்டின் டிரைவர் ஏதேனும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு டிமெஸ்க் (dmesg) கட்டளை 'லிங்க் இஸ் டவுன்' என்ற வரியைக் காட்டும். அப்படி இருந்தால் இனி மென்பொருளை விட்டுவிட்டுக் கேபிளைக் கையில் எடுங்கள். ஜிகாபிட் இணைப்புக்குக் கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிகளே போதும். ஆகவே அடாப்டரின் நிலைச் சாளரத்தில் வேகம் ஒரு ஜிகாபிட்டுக்குப் பதிலாக 100 மெகாபிட் என்று காட்டினால், ஏதோ ஒரு ஜோடி முறிந்திருக்கக்கூடும். பிளக்கின் சிறு பிளாஸ்டிக் கொக்கி உடைந்து தளர்ந்திருப்பதும், நாற்காலிச் சக்கரம் ஏறி நசுங்கிய கேபிளும் நாம் நினைப்பதைவிட அதிகமாகக் காணப்படும் காரணங்கள்.

புதிய கேபிள் போட்டும் தீரவில்லை என்றால், சுவிட்சில் உங்கள் கேபிளையும் சிக்கல் இல்லாத பக்கத்து மேசையின் கேபிளையும் இடம் மாற்றிச் செருகுங்கள். சுவிட்சைத் தொடும் அனுமதி உங்களுக்கு இல்லாவிட்டால் நெட்வொர்க் நிர்வாகியிடம் கேளுங்கள். பழுது பக்கத்து மேசைக்குப் போனால் குற்றம் போர்ட்டில். உங்களிடமே நின்றால் சுவரில் ஓடும் கேபிளிலோ கணினியிலோ இருக்கிறது. நிர்வாகியிடம் பேசும்போது அந்தப் போர்ட்டின் சிஆர்சி பிழை (சிதைந்து வந்து சேரும் தரவு) எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறதா என்றும், போர்ட்டில் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் (தரவு ஒரே நேரத்தில் இரு திசையிலும் ஓடினால் ஃபுல், மாறி மாறி ஓடினால் ஹாஃப்) யாராவது கையால் நிர்ணயித்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஒரு முனை 100 மெகாபிட் ஃபுல் டூப்ளெக்ஸ் என்று நிர்ணயிக்கப்பட்டு, மறு முனை தானியங்கி முறையில் விடப்பட்டால், மறு முனை ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். அப்போது சிறு வேலைகள் ஓடும், பெரிய கோப்பை நகலெடுக்கும்போது மட்டும் எல்லாம் தடுமாறும்.

கணினிப் பக்கத்தில், டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் பண்புகளில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற அனுமதியை நீக்குங்கள். அதே இடத்தில் மேம்பட்ட அமைப்புகளில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட் என்று ஒன்று இருக்கும். 2010இல் வெளியான 802.3ஏஇசட் தரம் அது. தரவு ஓடாத நேரத்தில் கார்டைத் தூங்கவைக்கும். சில கார்டுகளுக்கும் சில சுவிட்சுகளுக்கும் இதில் ஒத்துப்போவதில்லை. இரண்டையும் ஒரே நாளில் மாற்றாமல், ஒன்றை மாற்றி, வழக்கமாக ஒரு துண்டிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள நேரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு காத்திருந்து, பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

லிங்க் இறங்கியதாகப் பதிவே இல்லை, ஆனால் கேட்வே மட்டும் எட்டவில்லை என்றால் கதை வேறு. அங்கே முதலில் பார்க்க வேண்டியது ஐபி முகவரி மோதல், அதாவது இரண்டு சாதனங்கள் ஒரே முகவரியை வைத்திருப்பது. கணினிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சேவை வழங்கும் வரம்புக்குள்ளேயே யாரோ ஒரு பிரிண்டருக்கு நிலையான முகவரி கொடுத்திருப்பார்கள். அது விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் உங்கள் இணைப்பு அறும். சிஸ்டம் பதிவில் 4199 என்ற எண்ணுடன் வரும் பிழை இதைத்தான் சொல்கிறது. பதிவு இல்லாவிட்டாலும், உங்கள் கேபிளைக் கழற்றிவிட்டுப் பக்கத்துக் கணினியிலிருந்து உங்கள் முகவரிக்கு பிங் கொடுத்து, உடனே அந்தக் கணினியில், எந்த ஐபி முகவரி எந்த வன்பொருள் முகவரிக்குரியது என்று காட்டும் ஏஆர்பி பட்டியலை (arp -a) பாருங்கள். பிங்குக்குப் பதில் வராவிட்டாலும், அந்த முகவரிக்கு எதிரே உங்களுடையதல்லாத ஒரு வன்பொருள் முகவரி இருந்தால் இன்னொருவர் அதை வைத்திருக்கிறார். இதற்கு மாறாக, உங்கள் முகவரியே 169.254 என்று தொடங்குகிறது என்றால் டிஎச்சிபி சர்வரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை. டிஎச்சிபி ஒரு முகவரியைத் தந்திருக்கும் குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கணினி முகவரியைப் புதுப்பிக்க முயலும் என்பதால், அறும் நேரங்கள் சீரான இடைவெளியில் அமைந்திருந்தால் அந்தப் பக்கம் திரும்புங்கள்.

பிங் ஒரு முறைகூட நிற்கவில்லை, ஆனால் ரிமோட் டெஸ்க்டாப்போ டேட்டாபேஸ் இணைப்போ மட்டும் அறுகிறது என்றால், நடுவில் உள்ள ஃபயர்வால் சும்மா கிடக்கும் இணைப்புகளைக் கழித்துவிடுகிறதா என்று பாருங்கள். சும்மா கிடக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சிறு செய்தி அனுப்பிப் பார்க்கும் டிசிபி கீப்அலைவ் இயக்கத்தில் இருந்தாலும் அதன் இயல்பான இடைவெளி விண்டோஸிலும் லினக்ஸிலும் இரண்டு மணி நேரம். பல ஃபயர்வால்கள் அவ்வளவு நேரம் பொறுப்பதில்லை.

இத்தனைக்கும் பிறகு சந்தேகம் உங்கள் கணினியிலேயே நின்றால், ஒரு யூஎஸ்பி நெட்வொர்க் அடாப்டரைச் செருகி, அதே கேபிளை அதற்கு மாற்றி, சில நாட்கள் ஓட்டுங்கள். துண்டிப்பு நின்றுவிட்டால், மதர்போர்டில் உள்ள கார்டு அல்லது அதன் டிரைவர்தான் காரணம். அதிலும் அறுந்தால், விபிஎன், பாதுகாப்பு மென்பொருள் ஆகியவை தரவுப் பாதையில் தங்கள் வடிகட்டிகளைச் செருகியிருக்கக்கூடும். அடாப்டரின் பண்புகளில் காட்டப்படும் பட்டியலில் அவற்றை அடையாளம் கண்டு, நிர்வாகியின் ஒப்புதலுடன், ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள்.