சூடு குறைந்ததால் வந்த சிக்கல்

நேயர்களுக்கு வணக்கம்.

சந்திரனுக்குப் போய்த் திரும்பும் விண்கலம் நம் காற்றுமண்டலத்துக்குள் விநாடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் நுழைகிறது. காற்று உரசித்தான் அது சூடாகிறது என்பார்கள். உண்மையில் உரசலின் பங்கு சிறிதுதான். விலக நேரமில்லாமல் கலத்துக்கு முன்னால் காற்று அமுங்குகிறது. அமுங்கிய காற்று தகிக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுமே, அந்தச் சங்கதிதான். அப்பல்லோ கலத்தின் அடிப்புறம் 2,700 டிகிரி செல்சியஸ் வரை சூடானது. இரும்பு 1,538 டிகிரியிலேயே உருகிவிடும்.

சரி, எதை வைத்துத் தடுப்பது? எரிந்து போகிற ஒன்றை வைத்துத்தான். சீனா ஒரு காலத்தில் தன் செயற்கைக்கோள்களைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவர ஓக் மரத்தையே கேடயமாக வைத்தது. சிரிக்க வேண்டாம், மரம் கருகிக் கரியாகும், கரி லேசில் சூட்டைக் கடத்தாது. அப்பல்லோவில் ஆவ்கோட் என்ற பொருள். எப்பாக்ஸிப் பிசினில் சிலிக்கா இழை கலந்தது. மேலே கரி படியும், உள்ளே பிசின் சிதைந்து வாயு கிளம்பும், அந்த வாயு கரியின் வழியாக வெளியேறிச் சூட்டை விலக்கும்.

அதைப் பூசியதைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். தேன்கூட்டுச் சட்டத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அறைகள். ஒவ்வொன்றையும் தொழிலாளிகள் துப்பாக்கி போன்ற கருவியால் கையாலேயே நிரப்பினார்கள். அப்புறம் எக்ஸ்ரே. குறை தெரிந்தால் குடைந்து எடுத்துவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும்.

2022-இல் நாசாவின் புதிய சந்திரப் பயணத் திட்டத்தில் ஆளில்லாமல் பறந்த ஆர்ட்டெமிஸ் 1-இன் ஓரியன் கலத்திலும் ஆவ்கோட்தான், ஆனால் கட்டிகளாக வார்த்து ஒட்டினார்கள். கடலில் இறங்கியதும் பார்த்தால், நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கரி துண்டு துண்டாகப் பெயர்ந்திருந்தது.

காரணம் விசித்திரமானது. ஓரியன் காற்றுக்குள் ஒரு முறை முங்கி, கொஞ்சம் மேலே எழும்பி, மறுபடி இறங்கியது. அந்த இடைவேளையில் சூடு தணிந்ததால் கரி உருவாவது மந்தமானது. உள்ளே வாயு மட்டும் பெருகிக்கொண்டே இருந்தது. போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி விரிசல் விட்டது. தரையில் சோதித்தபோதோ நிஜத்தைவிட அதிகச் சூடு கொடுத்திருந்தார்கள். அதில் கரி சீராகப் படிந்து வாயுவும் வெளியேறிவிட்டது. கடுமையாகச் சோதித்தால் போதும் என்ற நினைப்புதான் இங்கே காலை வாரியது என்பது என் கருத்து.

கேடயத்திலேயே வாயு புகுந்து போகும்படி அமைந்த பகுதிகளில் விரிசலே இல்லை. 2024 டிசம்பரில் நாசா தன் முடிவைச் சொன்னது: ஆர்ட்டெமிஸ் 2-க்கு இருக்கிற கேடயமே போதும், இறங்கும் பாதையை மாற்றுவோம், அடுத்த கலங்களுக்கு, வாயு சீராக வெளியேறும்படி ஆவ்கோட்டை வார்ப்போம்.