வெள்ளைக்காரர் கதைப்பது ஏன் விளங்குவதில்லை? பொத்துவிலில் இருந்து வந்த கேள்வி

சரி, அடுத்த கேள்வி பொத்துவிலில் இருந்து. தம்பி அறுகம்பேயில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிறாராம். சுருக்கி வாசிக்கிறேன்: "சேர், ஆங்கில மரபுத்தொடர் புத்தகம் ஒன்று வாங்கி முழுக்கப் பாடமாக்கிவிட்டேன். ஆனால் வெளிநாட்டுக்காரர் கதைத்தால் பாதி விளங்குவதில்லை. புத்தகத்தில் படித்ததை நான் சொன்னால் சிரிக்கிறார்கள். எப்படிப் படிப்பது? கெஸ்ட் ஹவுஸுக்கு வரும் மெசேஜுக்கும் இந்த ஸ்டைலில் பதில் எழுதலாமா?"

தம்பி, உங்களுக்கு விளங்காமல் போவது பெரும்பாலும் மரபுத்தொடரே இல்லை. "வொட் டூ யூ வோன்ட் டு டூ" என்று பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு சொல்லாகப் படித்தோம். அவர்கள் வாயில் அது "வொட்யா வொனா டூ" என்று ஒரே மூச்சில் வரும். "ஐ டோன்ட் நோ" வெறும் "டனோ" ஆகிவிடும். எல்லாம் உங்களுக்குத் தெரிந்த சொற்கள்தான், ஒட்டிக்கொண்டு வருவதால் காதில் பிடிபடவில்லை. நாங்கள் மட்டும் "போய்விட்டு வருகிறேன்" என்றா சொல்கிறோம்? "போய்ட்டு வாறன்" என்றுதானே சொல்கிறோம்.

மறுகா, அந்தப் புத்தகங்களில் பெரிய இடம் கிடைக்காத ஒரு கூட்டம் இருக்கிறது. சாதாரண வினைச்சொல்லோடு "அப்", "அவுட்", "ஓஃப்" என்று ஒரு குட்டிச் சொல் சேர்ந்து அர்த்தமே மாறிவிடும். உங்கள் வேலைக்கு இதுதான் சோறு போடும். "வீ ஹாவ் ரன் அவுட் ஒஃப் டோய்லட் பேப்பர்" என்று ஒருவர் வந்து சொன்னால் யாரும் எங்கும் ஓடவில்லை, பேப்பர் முடிந்துவிட்டது. ஏசி வேலை செய்யவில்லை, "கேன் யூ சோர்ட் இட் அவுட்?" என்றால் சரிபண்ணித் தருவீர்களா என்கிறார். "டிட் த டுக்டுக் டர்ன் அப்?" என்றால் ஓட்டோ வந்ததா. "ஹாங் ஓன்" என்றால் கொஞ்சம் பொறு. ஒரு நாளில் இவை எத்தனை தடவை காதில் விழுகின்றன என்று கவனித்துப் பாருங்கள். உங்கள் புத்தகத்தில் இருக்கும் "ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டோக்ஸ்" எத்தனை தடவை விழுந்தது? நம்முடைய ரியூசன் நோட்டுகளில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது, அவர்கள் வாயில் இப்போது வருவது அபூர்வம். கார்த்திகை மார்கழியில் இங்கே கொட்டுகிறதே ஒரு மழை, அதற்கு "இட்ஸ் போரிங்" போதும். ஆனால் உச்சரிப்பைக் கவனியுங்கள், தொடக்கத்தில் வருவது p, உதட்டில் காற்றை வெடிக்கவிட்டுச் சொல்ல வேண்டும். அது b ஆகிவிட்டால் சலிப்பாக இருக்கிறது என்று சொன்னதாகிவிடும்.

சுகம் விசாரிப்பதிலும் ஆள் தடுமாறும். இங்கிலாந்துக்காரர் காலையில் கண்டதும் "யூ ஆல் ரைட்?" என்பார். உங்களுக்கு வருத்தமா என்று அவர் கேட்கவில்லை, அது வணக்கம் மாதிரி. "யா, யூ?" என்று திருப்பிக் கேட்டால் முடிந்தது. அவுஸ்திரேலியாக்காரர் "ஹவ் யா கோயிங்?" என்பார். "பை பஸ்" என்று சொல்லிவிடாதீர்கள், அதுவும் சுகம் கேட்பதுதான். மத்தியானத்துக்குப் பிறகான நேரத்தை அவர்கள் "ஆவோ" என்று சுருக்குவார்கள். "பிக் மீ அப் திஸ் ஆவோ" என்றால் பின்னேரம் வந்து ஏற்று என்று பொருள். தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும்போது "ஐ ஆம் குட்" என்றால் வேண்டாம் என்று அர்த்தம். நல்லவன் என்கிறாராக்கும் என்று ஊற்றிவிடக் கூடாது. கையில் கிளாஸ் இல்லாமலே "சியர்ஸ்" என்றால் அது பிரிட்டிஷ்காரரின் நன்றி.

உங்கள் இடத்தில் அலைச்சறுக்கு ஆட்கள் அதிகம், அவர்களுக்குத் தனிப் பாஷை. அலையில் இருந்து ஏறி வந்து "தட் வோஸ் சிக்!" என்றால் ஆளுக்குக் காய்ச்சல் இல்லை, அபாரமாக இருந்தது என்கிறார். "ஸ்டோக்ட்" என்றால் சந்தோசத்தின் உச்சம். "ஆர் யூ கூஃபி?" என்று கேட்டால் கோபிக்க வேண்டாம். வலது காலை முன்னுக்கு வைத்து நிற்பவரை அப்படிச் சொல்வார்கள். இதை அங்கே சர்ஃப் பழக்கும் பொடியன்கள் என்னைவிட வடிவாகச் சொல்லித் தருவார்கள்.

இனி ஏன் சிரிக்கிறார்கள் என்பது. மட்டக்களப்புக்குப் போனால் திரும்பிப் போகவிடாமல் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று நம்மைப் பற்றி ஒரு பகிடிக் கதை இருக்கிறதே. தமிழ் படிக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் அதை ஒரு செத்த வீட்டில் வந்து சொன்னால் எப்படி இருக்கும்? சொல் பிழையில்லை, இடம் பிழை. "கிக்ட் த பக்கெட்" என்றால் செத்துப்போனார் என்று படித்திருப்பீர்கள். அது பகிடியாகச் சொல்வது. தகப்பன் இறந்த ஒருவரிடம் அதைச் சொன்னால் மனம் நோகும், அங்கே "பாஸ்ட் அவே". இன்னொன்று, இப்படியான தொடர்களை உங்கள் இஷ்டத்துக்குத் திருப்பிப் போடவும் முடியாது. "த பக்கெட் வோஸ் கிக்ட்" என்றால் யாரோ உண்மையிலேயே வாளிக்கு உதைத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

அதோடு உங்களிடம் வருபவர்கள் எல்லாருக்கும் ஆங்கிலம் தாய்மொழியா? இஸ்ரேல், ஜெர்மனி, பிரான்ஸ், ரஷ்யா என்று வருகிறார்கள். அவர்களும் உங்களைப் போல் படித்துப் பழகியவர்கள்தான். அவர்களிடம் மரபுத்தொடர் போட்டால் இரண்டு பக்கமும் முழிக்க வேண்டியதுதான். நேரான, சின்ன வசனம் போதும்.

எப்படிப் படிப்பது என்று கேட்டீர்கள். காதுக்கு வேண்டியது வேறு, வாய்க்கு வேண்டியது வேறு. காதுக்கு எவ்வளவு சேர்த்தாலும் நல்லது, வாய்க்குக் கொஞ்சம் போதும். புதிதாக ஒன்று கேட்டால் வெட்கப்படாமல் "வொட் டஸ் தட் மீன்?" என்று கேளுங்கள். அநேகமானோர் ஆசையோடு விளக்குவார்கள். யார், எந்த நேரத்தில் சொன்னார் என்பதையும் சேர்த்துப் போனில் குறித்து வையுங்கள். வேறொருவர் வாயிலும் அதைக் கேட்ட பிறகு நீங்கள் பாவியுங்கள். சந்தேகம் என்றால் கேம்பிரிட்ஜ், லோங்மன் அகராதிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. பேச்சுவழக்கா, பழசாகிப்போனதா என்று சொல்லுக்குப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். நம் ஆட்கள் அர்த்தத்தை மட்டும் பார்த்துவிட்டு அந்த அடையாளத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள், அதுதான் கரைச்சல். கேட்டுப் பழக பிபிசி லேர்னிங் இங்கிலிஷ் நல்லது, 1943 இல் வானொலியில் தொடங்கியது, இப்போது போனிலேயே கேட்கலாம்.

மெசேஜ் விசயம். முன்பதிவுக்கு, முறைப்பாட்டுக்கு, ரிவியூவுக்குப் பதில் எழுதும்போது "கொனா" (கோயிங் டு), "வொனா" (வோன்ட் டு) வேண்டாம், முழுச் சொல்லாக எழுதுங்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளும் உத்தியோகபூர்வக் கடிதத்தில் இதைக் கவனியுங்கள். ஆனால் வந்து தங்கிப் பழகியவர் வாட்ஸ்அப்பில் "சியர்ஸ் மேட், ஸீ யா" என்று போட்டிருந்தால், அவருக்கு நீங்களும் "நோ வொரிஸ், ஸீ யா" என்று போடலாம்.