இரண்டாவது பெண் எப்போது வந்தார்?

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, அலுவலகப் பணியாளர்களே, மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

மகளிர் வரலாற்றையும் மகளிரின் சாதனைகளையும் ஒரு கல்லூரி எவ்வாறு கொண்டாட வேண்டும் என்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். இத்தகைய விழாக்களில் வழக்கமாக நடப்பதை நாம் அறிவோம். முதல் பெண் மருத்துவர், முதல் பெண் பொறியாளர், முதல் பெண் நீதிபதி என்று படங்கள் வரிசையாக மாட்டப்படுகின்றன; ஒவ்வொரு படத்தின் கீழும் ஓர் ஆண்டு எழுதப்படுகிறது; உரைகளும் கைதட்டலும் முடிந்ததும் படங்கள் கழற்றப்படுகின்றன. அந்தப் படங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் படிப்பதற்கும் ஆராய்வதற்கும் என்றே அமைந்த ஓரிடம் அவற்றோடு நின்றுவிடக் கூடாது. முதல் பெண் யார் என்று கேட்கிற நாம், இரண்டாவது பெண் எப்போது வந்தார் என்றும் கேட்க வேண்டும். முதலாவதாக வந்தவர் ஒரு விதிவிலக்காக இருந்திருக்கலாம். வழி உண்மையிலேயே திறந்ததா என்பது இரண்டாவதாக வந்தவருக்கு நேர்ந்ததைப் பார்த்தால்தான் தெரியும்.

எலிசபெத் பிளாக்வெல்லை எடுத்துக்கொள்வோம். பல மருத்துவக் கல்லூரிகள் மறுத்த பிறகு, 1847-இல் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா மருத்துவக் கல்லூரி அவருடைய விண்ணப்பத்தைத் தானே முடிவு செய்யத் துணியாமல் மாணவர்களின் வாக்குக்கு விட்டது. மாணவர்கள் அதை வேடிக்கை என்று எண்ணி ஒருமனதாக ஒப்புதல் அளித்தார்கள். 1849 ஜனவரியில் அவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண் என்று எல்லாப் பட்டியல்களிலும் இடம்பெற்றார். அவருடைய தங்கை எமிலி பிளாக்வெல் சில ஆண்டுகள் கழித்து விண்ணப்பித்தபோது, அக்காவுக்குப் பட்டமளித்த அதே கல்லூரி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சிகாகோவின் ரஷ் கல்லூரி ஓராண்டு மட்டும் இடம் தந்து பின்னர் கைவிரித்துவிட, எமிலி கிளீவ்லாந்துக்குச் சென்று 1854-இல்தான் படிப்பை முடித்தார். அக்காவின் படத்தை மட்டும் மாட்டினால் ஜெனீவா கல்லூரி பெண்களுக்கு வழிவிட்ட கல்லூரியாகத் தெரியும். தங்கையின் கதையையும் பக்கத்தில் வைத்தால்தான் அது ஒருமுறை மட்டும், அதுவும் வேடிக்கையாக, நடந்தது என்பது புலப்படும்.

இதைவிட நீண்டதும் ஆவணங்களில் செறிவாகப் பதிவாகியிருப்பதும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கதை. 1869-இல் எமிலி டேவிஸ் முதலானோர் பெண்களுக்கான கல்லூரி ஒன்றைத் தொடங்கியபோது, அதைக் கேம்பிரிட்ஜ் நகருக்குள் வைக்காமல் ஹிட்சின் என்னும் வேற்றூரில்தான் வைத்தார்கள். அதுவே பின்னாளில் கிர்ட்டன் கல்லூரி ஆயிற்று. நியூனம் கல்லூரி 1871-இல் தோன்றியது. 1880-இல் கிர்ட்டன் மாணவி சார்லட் ஆங்கஸ் ஸ்காட், தேர்வாளர்களின் தனிப்பட்ட இசைவின்பேரில், பல்கலைக்கழகத்தின் கணிதச் சிறப்புத் தேர்வை எழுதினார். அவருடைய மதிப்பெண்கள் எட்டாம் இடத்துக்கு உரியவை. ஆனால் தரவரிசையில் பெண்ணின் பெயர் வர விதி இல்லை. பட்டியல் வாசிக்கப்பட்டு எட்டாம் இடம் வந்தபோது, அவையிலிருந்த மாணவர்கள் ஸ்காட்டின் பெயரைச் சொல்லி முழங்கியதாகப் பதிவு இருக்கிறது. அடுத்த ஆண்டு முதல் பெண்கள் முறைப்படி தேர்வெழுதலாம் என்ற விதி வந்தது. பட்டம் மட்டும் கிடையாது. ஸ்காட் தம் பட்டங்களை லண்டன் பல்கலைக்கழகத்தில் பெற்று, 1885-இல் அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரிக்குக் கணிதப் பேராசிரியராகச் சென்றார்.

1890-இல் நியூனம் மாணவி பிலிப்பா ஃபாசெட் அதே தேர்வில் எல்லா ஆண்களையும் விட அதிக மதிப்பெண் பெற்றார். முதலிடத்துக்கு மேலே என்று அவருடைய பெயர் அறிவிக்கப்பட்டது. முதலிடத்துக்கான பட்டப்பெயர் அவருக்கு அடுத்து வந்த ஆணுக்கே போயிற்று. பெண்களின் மூளை கணிதத்தைத் தாங்காது என்று அக்காலத்தில் பேசிவந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைத்திருக்க முடியாது. தகுதியை மெய்ப்பித்துவிட்டால் உரிமை தானாக வந்து சேரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் ஏழு ஆண்டுகள் கழித்து, பெண்களுக்குப் பட்டத்தின் பெயரையாவது தரலாமா என்ற கேள்வி வாக்குக்கு வந்தபோது, ஏறத்தாழ 1,700 பேர் எதிராகவும் 660 பேர் ஆதரவாகவும் வாக்களித்தனர். வாக்குரிமை பெற்ற பழைய பட்டதாரிகள் வெளியூர்களிலிருந்து ரயிலேறி வந்து எதிர்த்தார்கள். வாக்களிப்பு நடந்த மன்றத்துக்கு எதிரே, மிதிவண்டி ஓட்டும் ஒரு பெண்ணின் உருவபொம்மை தெருவுக்கு மேலே தொங்கவிடப்பட்டிருந்தது. அந்த நாளின் புகைப்படம் இன்றும் கிடைக்கிறது.

இதற்கிடையே பெண்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அயர்லாந்தின் டப்ளின் டிரினிட்டி கல்லூரி, தான் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியபோது, ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் தேறியும் பட்டம் மறுக்கப்பட்ட பெண்களுக்குத் தன் பட்டத்தை வழங்க முன்வந்தது. 1904-க்கும் 1907-க்கும் இடையில் 700-க்கும் மேற்பட்ட பெண்கள் நீராவிக் கப்பலில் கடல் கடந்து சென்று, தாங்கள் படிக்காத கல்லூரியின் பட்டத்தை வாங்கி வந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு 1920-இல் பட்டமளிக்க இசைந்தது. கேம்பிரிட்ஜ் 1921-இல் மீண்டும் மறுத்து, உறுப்புரிமை இல்லாத பெயரளவுப் பட்டத்தோடு நிறுத்திக்கொண்டது. அந்த வெற்றியைக் கொண்டாடிய ஆண் மாணவர்கள் நியூனம் கல்லூரியின் வாயிற்கதவைத் தள்ளுவண்டியால் இடித்துச் சேதப்படுத்தினார்கள். முழு உரிமை வந்தது 1948-இல். ஹிட்சினில் தொடங்கி 79 ஆண்டுகள்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1869-இல் மருத்துவம் பயிலச் சேர்ந்த சோஃபியா ஜெக்ஸ் பிளேக் உள்ளிட்ட ஏழு பெண்களின் நிலையும் இதற்குக் குறைந்ததன்று. 1870 நவம்பரில் அவர்கள் உடற்கூறியல் தேர்வெழுதச் சென்ற மண்டபத்தின் வாயிலைக் கூட்டம் மறித்தது. அவர்கள்மீது சேறு வீசப்பட்டது. இறுதியில் பட்டமும் மறுக்கப்பட்டது. அந்தப் பல்கலைக்கழகம் 2019-இல் அந்த ஏழு பேருக்கும் மறைவுக்குப் பிந்தைய பட்டங்களை வழங்கியது. இன்றைய மாணவியர் அவர்கள் சார்பில் பெற்றுக்கொண்டனர். காலம் கடந்த செயல்தான். எனினும், ஒரு நிறுவனம் தன் பெருமையை அல்லாமல் தன் தவற்றை முன்வைத்து நடத்திய மகளிர் விழா என்ற வகையில் நான் அதை மதிக்கிறேன்.

இந்தியாவுக்கு வருவோம். கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1878-இல் தன் தேர்வுகளைப் பெண்களுக்குத் திறந்தது. 1883-ஆம் ஆண்டுப் பட்டமளிப்பில் காதம்பினி கங்குலியும் சந்திரமுகி பாசுவும் பட்டம் பெற்றார்கள். அங்கே முதல் பெண்ணும் இரண்டாவது பெண்ணும் சேர்ந்தே வந்தனர். ஆளப்பட்ட நாட்டின் பல்கலைக்கழகம் இதைச் செய்தபோது, ஆண்ட நாட்டின் இரு மூத்த பல்கலைக்கழகங்களும் இன்னும் மறுத்துக்கொண்டிருந்தன. பெண்கல்வி என்பது முழுக்க முழுக்க மேற்கிலிருந்து வந்த கொடை என்று பேசுவோர் இந்த ஆண்டுகளை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சென்னை மருத்துவக் கல்லூரி அதற்கும் முன்பே, 1875-இல், மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்திருந்தது.

கிண்டிப் பொறியியல் கல்லூரியின் நிகழ்வு என் கேள்விக்கு இன்னும் நேரடியாக விடை தருகிறது. சிறு வயதில் மணமாகி, கைக்குழந்தையோடு கணவரை இழந்த அ. லலிதா, அக்கல்லூரியிலேயே பேராசிரியராக இருந்த தம் தந்தையின் முயற்சியாலும் முதல்வர் கே. சி. சாக்கோவின் இசைவாலும் மின்பொறியியலில் சேர்ந்தார். தனியொரு பெண்ணாக அவர் நூற்றுக்கணக்கான ஆண்களிடையே இருக்க நேர்ந்ததைக் கண்டு, மேலும் பெண்களைச் சேர்க்குமாறு தந்தை வலியுறுத்த, கட்டுமானப் பொறியியலுக்கு லீலம்மா ஜார்ஜும் பி. கே. திரேசியாவும் வந்து சேர்ந்தனர். அவர்களுள் திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். லலிதாவின் படத்தை மாட்டும் கைகள் மற்ற இருவரின் படங்களையும் தேடி எடுக்க வேண்டும். முதல் பெண்ணைத் தனியே விட்டுவிடாமல் இரண்டாமவரையும் மூன்றாமவரையும் அழைத்து வர ஒருவர் முயன்றார் என்பதே அந்தக் கல்லூரி சொல்லிக்கொள்ளத்தக்க செய்தி. கமலா பாகவத் என்ற இளம்பெண் 1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் நிபந்தனைகளோடு சேர்த்துக்கொள்ளப்பட்டு, அவருடைய ஓராண்டு உழைப்பைக் கண்ட பிறகே அதன் இயக்குநராக இருந்த சர் சி. வி. இராமன் பிற பெண்களுக்கும் இடமளித்தார் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அதாவது, பின்னால் வரப்போகிறவர்களின் தகுதிக்கும் சேர்த்து அந்த ஒருவர் தேர்வெழுத வேண்டியிருந்தது.

ஓர் எச்சரிக்கை. எல்லா மறுப்பையும் ஒரே கணக்கில் எழுதிவிடக் கூடாது. இராமனின் ஆய்வகத்தில் வைரங்களின் ஒளியியல் பண்புகளை ஆராய்ந்த அன்னா மணி, முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை முடித்தும் பட்டம் பெறவில்லை. அவரிடம் முதுகலைப் பட்டம் இல்லை என்பதே சென்னைப் பல்கலைக்கழகம் காட்டிய காரணம். அந்த விதியில் பெண் என்ற பேச்சே கிடையாது. அதை வெறும் பாலினப் பாகுபாடு என்று மேடையில் முழங்குவது எளிது. ஆவணம் அவ்வளவு எளிதாக இடம் தராது. பட்டமில்லாமலேயே அவர் இந்திய வானிலைத் துறையின் அளவீட்டுக் கருவிகளை உருவாக்கி, அத்துறையின் துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்றார் என்பதை உள்ளபடி சொன்னாலே போதும்.

ஆவணம் என்றதும் எம்மி நோத்தர் நினைவுக்கு வருகிறார். 1915-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைக்கப்பட்ட அந்தக் கணிதமேதை, பெண் என்பதால் 1919 வரை தம் பெயரில் விரிவுரையாற்ற முடியவில்லை. அவருக்காக அங்கே கணிதப் பேராசிரியராக இருந்த டேவிட் ஹில்பர்ட் வாதாடியதாகச் சொல்லப்படும் வாசகங்களை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அவற்றைவிட முக்கியமாகத் தோன்றுவது ஒரு கால அட்டவணை. 1916-17 குளிர்காலப் பருவத்துக்கான அறிவிப்பில், பேராசிரியர் ஹில்பர்ட், முனைவர் எ. நோத்தரின் உதவியுடன், திங்கள்தோறும் நான்கு முதல் ஆறு மணி வரை, கட்டணம் இல்லை என்று அச்சாகியிருந்தது. உண்மையில் பாடம் நடத்தியவர் நோத்தர். ஒரு பெண்ணின் உழைப்பு எவ்வாறு இன்னொருவர் பெயரின் கீழ் உதவியாகச் சுருக்கப்பட்டது என்பதற்கு அந்த ஒரு வரியே சான்று.

இத்தகைய வரிகள் ஒவ்வொரு கல்லூரியிலும் கிடக்கின்றன. ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: விழாவுக்கான சுவரொட்டிகளை இணையத்திலிருந்து எடுப்பதற்கு முன், உங்கள் சேர்க்கைப் பதிவேடுகளைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு துறையிலும் முதல் மாணவிக்கும் இரண்டாம் மாணவிக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் கழிந்தன, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், இடையில் நின்றவர்கள் எதனால் நின்றார்கள் என்று எண்ணிப் பாருங்கள். விடுதி விதிகளில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் குறிக்கப்பட்ட நேரங்களை நூலகத்தின் நேரத்தோடு ஒப்பிடுங்கள். பழைய கட்டட வரைபடங்களில் பெண்களுக்கான கழிப்பறை எந்த ஆண்டில் தோன்றுகிறது என்று தேடுங்கள். கொடையாளர் பட்டியலையும் விட்டுவிடாதீர்கள். 1893-இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி பெண்களை ஆண்களுக்குச் சமமாகச் சேர்த்தது, மேரி எலிசபெத் காரெட் 3 இலட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து அதையே நிபந்தனையாக்கியதால்தான்.

இதை வரலாற்றுத் துறை மட்டும் செய்ய முடியாது. புள்ளியியல் மாணவர்கள் எண்ணலாம், கணினி மாணவர்கள் மின்வடிவாக்கலாம், மொழித்துறையினர் பழைய ஆண்டு மலர்களில் மாணவியர் எழுதியவற்றைத் தொகுக்கலாம். இதைத் திட்டப்பணியாக ஏற்று மதிப்பெண் வழங்கினால் மார்ச் மாதத்தோடு வேலை நின்றுபோகாது. எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், குழுப்படங்களிலிருந்து என்பேன். பழைய படங்களில் ஆண் ஆசிரியர்களின் பெயர்கள் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். ஓரத்தில் நிற்கும் ஆய்வக உதவியாளர், விடுதிச் செவிலி, துப்புரவுப் பணியாளர் ஆகிய பெண்களின் பெயர்கள் இருப்பது அரிது. பதிவேடுகள் அடுத்த ஆண்டும் அலமாரியில் இருக்கும். அந்த முகங்களை அடையாளம் சொல்லக்கூடிய முன்னாள் மாணவியரும் ஓய்வுபெற்ற பணியாளர்களும் இன்று முதுமையில் இருக்கிறார்கள். படங்களை எடுத்துக்கொண்டு அவர்களிடம் செல்லும் வேலையை இந்தப் பருவத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.