அலமாரிக்குள் போன புரொஜெக்டர்

வணக்கம் நேயர்களே. தாராவியில் பல வீடுகளில் இந்நேரம் இட்லி ஊற்றி முடித்து விற்பனைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். வேலை பாட்டுக்கு நடக்கட்டும், காதை மட்டும் கொஞ்சம் கொடுங்கள்.

நான் இந்த மும்பையில் தமிழ் வழி வகுப்பில் இருபத்தாறு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். ஒரு மார்ச் மாதக் கடைசியில் எங்களுக்குப் புரொஜெக்டர் ஒன்று வந்து இறங்கியது. நிதியாண்டு முடிவதற்குள் மானியத்தைச் செலவழித்தாக வேண்டும், அந்த அவசரத்தில் வாங்கியது. கூடவே வந்த பாடங்கள் மராத்தியிலும் இந்தியிலும் இருந்தன. ஜன்னலுக்குத் திரைச்சீலை கிடையாது, பகல் வெளிச்சத்தில் சுவரில் ஒன்றும் தெரியாது. நாலு நாள் பார்த்தோம். அப்புறம் அது அலமாரிக்குள் போய்விட்டது. வருடா வருடம் ஸ்டாக் ரிஜிஸ்டரில் 'நல்ல நிலையில் உள்ளது' என்று நான்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய்யில்லையே, தொடாத பொருள் எப்படிக் கெடும்?

அரசிடம் திட்டங்களுக்குக் குறைவில்லை. 2018இல் தொடங்கிய, பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் மத்திய அரசு 60 பங்கு, மகாராஷ்டிரம் 40 பங்கு போடுகிறது. அதில் வருகிற பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆயிரம் பேருக்கு மேல் படிக்கும் பள்ளிக்கே வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய்தான். கரண்ட் பில், ரிப்பேர், குடிநீர் எல்லாம் அதற்குள். குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு. பள்ளிகளை முன்மாதிரிப் பள்ளிகளாக மேம்படுத்த 2022இல் ஒப்புதல் பெற்ற பிஎம் ஸ்ரீ, 14,500க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு 27,360 கோடி ரூபாய்த் திட்டம். ஆனால் பள்ளியே முன்வந்து விண்ணப்பிக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது அடல் டிங்கரிங் ஆய்வகத்தின் கணக்கு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகள் கையால் செய்து பார்க்கிற இடம் அது. அரசு தருவது மொத்தம் 20 லட்சம் ரூபாய். அமைக்க 10 லட்சம், ஐந்து வருடம் நடத்த 10 லட்சம். வாங்குவதற்கு எவ்வளவோ அவ்வளவு நடத்துவதற்கும். எங்கள் புரொஜெக்டருக்கு இந்த யோசனை யாருக்கும் வரவில்லை. எனக்கும்தான்.

சரி, இதில் பெற்றோருக்கு என்ன வேலை? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, அரசு, மாநகராட்சிப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். மானியம் எப்படிச் செலவாகிறது என்று கவனிப்பது இவர்கள் பொறுப்பு. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் இவர்களே. மானியத்துக்கு அந்தத் திட்டமே அடிப்படை என்கிறது 22ஆம் பிரிவு. நடப்பில் ஹெட்மாஸ்டர் எழுதிவிடுவார், அம்மாக்கள் கையெழுத்துப் போடுவார்கள்.

எங்கள் குழுவில் தையல் வேலை செய்கிற ஒரு அம்மா இருந்தார். மூன்று வருடம் கழித்து, அலமாரியைத் திறந்தபோது தற்செயலாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "டீச்சர், திரைச்சீலைதானே இல்லை? முதலிலேயே சொல்லியிருந்தால் திட்டத்தில் துணியை எழுதியிருப்போமே." தைத்தும் கொடுத்தார். தமிழ்ப் பாடங்களைப் பென்டிரைவில் நாங்களே சேர்த்துக்கொண்டோம்.

ஜூனில் பள்ளி திறந்ததும் உங்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். நோட்டை நீட்டினால், கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். மராத்தியில் இருந்தால் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பேனா ஐந்து நிமிடம் காத்திருக்கட்டும். வணக்கம்.