மாடலுக்கு முன் கிணற்றடி

நேயர்களுக்கு வணக்கம். நீரியலும் நிலத்தடி நீரியலும் படித்து முடித்து, அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கும் தம்பி தங்கைகளோடு இன்று கொஞ்சம் பேசுகிறேன்.

வேலைக்கான வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் சேர யூ.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு இருக்கிறது. ஆராய்ச்சிக்கு ரூர்க்கியில் தேசிய நீரியல் நிறுவனம், சென்னையில் அண்ணா பல்கலைக்கழக நீர்வள மையம். இவை தேடினால் கிடைக்கும் விவரங்கள்தான். நான் அழுத்திச் சொல்ல வந்தது வேறு. வேலைக்கு வந்த முதல் சில வருஷங்களிலேயே, ஒரு சின்னப் பகுதியில் நீங்களே அளந்து சேர்த்த தரவு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இன்று பலர் நேராக மாடலிங்கில், அதாவது நிலத்தடி நீரின் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதில், இறங்கிவிடுகிறார்கள். அதற்கான மாட்ஃப்ளோ மென்பொருள், வரைபடத் தரவைக் கையாளும் ஜி.ஐ.எஸ். எல்லாம் கட்டாயம் கற்க வேண்டியவைதான். ஆனால் அதற்குள் போகும் எண் எப்படி வந்தது என்று தெரியாவிட்டால், வரும் விடையை எடைபோட முடியாது.

கிணற்றில் நீர்மட்டம் அளப்பதையே பாருங்கள். டேப்பை இறக்கிப் படித்துவிடலாம். ஆனால் மோட்டார் எப்போது நின்றது என்று தோட்டக்காரரைக் கேட்டீர்களா? ராத்திரி முழுக்க இறைத்த கிணற்றைக் காலையில் அளந்தால், இன்னும் ஊறிக்கொண்டிருக்கும் கிணற்றின் மட்டம்தான் கிடைக்கும். பக்கத்துப் போர்வெல் ஓடினாலும் அளவு மாறலாம். சுற்றுச்சுவரின் மேலிருந்து அளந்தால் சுவரின் உயரத்தைக் கழிக்க வேண்டும். அளந்த இடத்தில் பெயிண்டால் ஒரு குறி போட்டு வையுங்கள். அடுத்த முறையும் அங்கிருந்தே அளக்கலாம்.

காலமும் முக்கியம். நாட்டின் பெரும்பகுதியில் நவம்பர் அளவு மழைக்குப் பிந்தைய அளவு. நம் கடலோர மாவட்டங்களிலோ நவம்பரில்தான் மழை கொட்டுகிறது. இங்கே மே மாத அளவையும் ஜனவரி அளவையும் ஒப்பிட்டால்தான் நிலத்தடியில் எவ்வளவு ஏறியது என்று தெரியும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வேலை அமைந்தால், அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் ஃபுளோரைடு வந்து நிற்கும். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை. மாதிரியைப் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுங்கள். கண்ணாடியோடு ஃபுளோரைடு வினைபுரியும். பிஎச் அளவை (நீரின் அமில, காரத் தன்மையை) அங்கேயே பார்த்துவிடுங்கள், ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் மாறிவிடும்.

அப்புறம், முடிவை மாதிரி எடுத்த வீட்டில் சொல்லுங்கள். மாதிரி எடுத்துப் போனவர்கள் திரும்பி வருவதே இல்லை என்று பல ஊர்களில் குறைப்படுகிறார்கள். அது நியாயமான கோபம். "கொதிக்க வெச்சா போயிடுமா சார்?" என்று கேட்பார்கள். போகாது, நீர் ஆவியாக ஆவியாகச் செறிவு கூடத்தான் செய்யும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிற ஊரானால், குடிக்கவும் சமைக்கவும் அதை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதைப் புரியும்படி எடுத்துச் சொல்லும் பழக்கத்தை எந்தப் பாடத்திட்டமும் கற்றுத் தராது. ஆனால் நேர்காணலிலும் ஆய்வுக் கட்டுரையிலும் அது உதவும்.

மே மாத அளவைத் தவறவிட்டால் அடுத்த மே வரை காத்திருக்க வேண்டும். அதனால் எந்தெந்தக் கிணறுகள் என்பதை இப்போதே முடிவு செய்து, உரிமையாளர்களிடம் அனுமதி கேட்டு வையுங்கள். நன்றி, வணக்கம்.